வைத்தியர்க்கு வைத்தியம் கற்பித்த மான்சன்

டாக்டர் பட்டம் பெற்ற பிள்ளை, மேலும் ஈராண்டு பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறேன், பல நாட்டு நோய்களையும் அவற்றின் பரவலையும் கற்கப் போகிறேன் என்று சொன்னால், நம் காலனியில் பெற்றோர் முகம் சற்றே வாடுவதுண்டு. டாக்டரான பின்னும் ஒரு படிப்பா என்று வினவுவோர் பலர். அத்தகைய படிப்பு உலகில் ஏன் தோன்றிற்று என்பதை அறிய விரும்புவோர்க்கு, சர் பாட்ரிக் மான்சன் என்னும் பெரியாரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம்.

மான்சன் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், ஸ்காட்லாந்து நாட்டில் அபர்தீன் நகருக்கு அண்மையிலுள்ள ஓல்டுமெல்ட்ரம் என்னும் சிற்றூரில் பிறந்தார். முதலில் இரும்புத் தொழில் பயிலச் சேர்ந்து, உடல் நலிந்தமையால் அதனை விட்டு, வைத்தியக் கல்வியில் புகுந்தார். 1865இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே சீனச் சுங்க இலாகாவின் வைத்தியராகப் பார்மோசாத் தீவுக்குக் கப்பலேறினார். இன்று தைவான் எனப்படுவது அத்தீவே. 1871இல் அங்கிருந்து சீனக் கரையிலுள்ள அமாய் துறைமுகத்திற்கு மாறினார்.

இரயில்வேயில் பணிபுரிவோர் அறிந்த வழக்கம் ஒன்றுண்டு. எத்துணை அனுபவம் வாய்ந்த டிரைவராயினும், புதிய செக்ஷனில் வண்டி ஓட்டுமுன் அப்பாதையைப் பலமுறை சென்று பார்த்து, சிக்னல்களையும் ஏற்ற இறக்கங்களையும் அறிந்துகொண்டதாகக் கையொப்பமிடல் வேண்டும். இதற்கு ரோடு லேர்னிங் என்று பெயர். அக்காலத்து வைத்தியர்க்கோ இவ்விதி இல்லை. குளிர் நாட்டு நோய்களை மட்டும் கற்றவர், வெப்ப நாட்டு மக்களின் உயிரைக் கையில் ஏந்த அனுப்பப்பட்டார். மான்சனும் அவ்வாறே சென்றவர். அமாயில் அவர் கண்ட யானைக்கால் நோயின் காரணம் அவர் படித்த எந்த நூலிலும் இல்லை. கேட்டறிய ஓர் ஆசான் இல்லை, நூல்நிலையமும் இல்லை. மேனாட்டு வைத்தியர் கதவடைத்து மனிதரை அறுக்கிறார் என்று சீன மக்கள் அஞ்சியபோது, தெருவைப் பார்த்த திறந்த அறையில் எல்லாரும் காணச் சிகிச்சை செய்து அவ்வச்சத்தைப் போக்கினார்.

விடுமுறையில் தாய்நாடு சென்றவர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்து நூல்நிலையத்தில் அமர்ந்து தேடினார். அங்கேதான், 1872இல் நம் கல்கத்தாவில் திமொதி லூயிஸ் என்னும் இராணுவ வைத்தியர் மனித இரத்தத்தில் நுண்ணிய புழுக்களைக் கண்ட செய்தி அவர்க்குத் தெரியவந்தது. கல்கத்தாவில் கண்டதை அமாயில் இருந்தவர் அறிய லண்டன் செல்ல வேண்டியிருந்தது!

1877இல் தம் தோட்டக்காரரான ஹின் லோ என்பவரைக் கொசுக்கள் கடிக்கச் செய்தார். அவர் இரத்தத்தில் அப்புழுக்கள் இருந்தன. கொசுக்களை நாள்தோறும் அறுத்து மைக்ராஸ்கோப்பில் நோக்கியபோது, அவற்றின் உடலுள் புழு வளர்ந்து உருமாறுவதைக் கண்டார். மனித நோய் ஒன்றிற்குரிய கிருமி, இரத்தம் குடிக்கும் பூச்சியினுள் வளர்கிறது என்பதை உலகம் அறிந்தது அப்பொழுதே. பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக இருவரை இரத்தம் சோதிக்கச் செய்து, இப்புழுக்கள் இரவிலேயே மேல் இரத்தத்தில் மிகுதியாக உலவுகின்றன என்பதையும் கண்டார். நம் சொந்த ஊர்களில் சுகாதார ஊழியர் இரவு வேளையில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி இரத்தம் எடுத்ததைப் பெரியோர் பலர் நினைவுகூர்வர். உறங்கும் பிள்ளையை எழுப்புகிறார்களே என்று அன்னையர் கடிந்துகொண்ட அச்செயலுக்குக் காரணம் இதுவே.

ஆயினும் ஓரிடத்தில் அவர் பிழைத்தார். முட்டையிட்டபின் கொசு நீரில் விழுந்து மடியும் என்றும், அந்நீரைப் பருகுவோர்க்கே நோய் பற்றும் என்றும் எண்ணினார். கொசுவின் வாழ்நாளைப் பற்றி அவர்க்குச் சொல்வார் எவரும் அங்கில்லை. கொசுவின் கடியே நோயைத் தருகிறது என்பதற்கான சான்றை, 1900இல் ஜார்ஜ் லோ என்பவர் கொசுவின் ஊசிவாயிலேயே புழுவைக் கண்டு காட்டினார். ஏறத்தாழ 23 ஆண்டுகள் அப்பிழை நீடித்தது.

1883இல் ஹாங்காங் சென்ற மான்சன், குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் தூய பால் கிடைக்க ஒரு பால் பண்ணை நிறுவினார். 1887இல் சீன மாணவர்க்கான வைத்தியக் கல்லூரி தொடங்க உழைத்து அதன் முதல் தலைவரானார். சீனக் குடியரசின் தந்தை சன் யாட் சென் அக்கல்லூரி மாணவரே. 1889இல் ஓய்வெடுக்கத் தாய்நாடு திரும்பினார். ஆனால் வெள்ளி நாணயத்தின் மதிப்பு வீழ்ந்து சேமிப்புக் கரைந்தமையால், லண்டனில் மீண்டும் தொழில் புரிய நேர்ந்தது. உலகிற்கு அது நன்மையாயிற்று என்றே எமக்குத் தோன்றுகிறது.

1894இல் இந்தியாவிலிருந்து விடுமுறையில் வந்த ரொனால்டு ராஸ் அவரை நாடினார். மலேரியாக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் காட்டி, கொசுவிடம் தேடுமாறு வழிகாட்டியவர் மான்சனே. இருவரிடையே நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் சென்றன. 1897 ஆகஸ்டு 20இல் செகந்திராபாதிலும், 1898இல் கல்கத்தாவிலும் ராஸ் வெற்றி கண்டார். பிற்காலத்தில் இருவர்க்கும் மனக்கசப்பு நேர்ந்தது வருந்தத்தக்கது.

வெப்ப நாடுகளுக்குச் செல்லும் வைத்தியர், பட்டம் பெற்றபின் தனியே ஒரு பயிற்சி பெற்றாக வேண்டும் என்று மான்சன் விடாது வாதாடினார். குடியேற்ற நாட்டு மந்திரி ஜோசப் சேம்பர்லின் ஆதரவு நல்க, 1899 அக்டோபர் 2ஆம் நாள் ஆல்பர்ட் டாக் கப்பல் துறையிலிருந்த மாலுமிகள் மருத்துவமனையை ஒட்டி, லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. கப்பல் மாலுமிகள் பல நாட்டு நோய்களைச் சுமந்து வந்தமையால், பாடம் படுக்கையருகிலேயே நடந்தது. ஆளவந்தவரின் உடல்நலத்தைக் காப்பதே அப்பள்ளிக்குப் பணம் தந்தோர் நோக்கம் என்பதையும் மறைத்தல் ஆகாது. கற்ற கல்வி அந்நோக்கத்தோடு நின்றுவிடவில்லை.

ஐயுற்றோரைத் தெளிவிக்க, 1900இல் உரோமாபுரியிலிருந்து நோய் தாங்கிய கொசுக்களை லண்டனுக்கு வரவழைத்தார். அவற்றிற்குத் தம் உடலைக் கொடுத்தவர், வைத்திய மாணவரான அவர் மகன் தர்பர்ன் மான்சன். காய்ச்சல் வந்தது, இரத்தத்தில் கிருமி தென்பட்டது, பின்னர் குணமாயிற்று. அம்மகனே 1902இல், பெரிபெரி நோயை ஆராயச் சென்ற கிறிஸ்துமஸ் தீவில் துப்பாக்கி விபத்தில் மாண்டார். தந்தையின் துயரத்தை எழுத எமக்குச் சொல் இல்லை. அதன் பின்னும் மான்சன் பாடம் சொல்வதை நிறுத்தவில்லை.

1922 ஏப்ரல் 9இல் அவர் மறைந்தார். அவருடைய பள்ளி 1924இல் அரச சாசனம் பெற்று, சுகாதாரக் கல்வியையும் சேர்த்துக்கொண்டு விரிந்தது. ராக்பெல்லர் நிதியின் துணையோடு கெப்பல் தெருவில் எழுந்த அதன் கட்டடம் 1929இல் திறக்கப்பட்டது. பல நாட்டு மாணவர் இன்றும் அங்கே பயில்கின்றனர். சீனாவில் யானைக்கால் நோய் ஒழிந்ததை 2007இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

இப்படிப்பிற்கு லண்டன் சென்றே ஆகவேண்டும் என்பதும் இல்லை. 1921இல் பாடம் தொடங்கிய வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும், 1932இல் திறக்கப்பட்ட அகில இந்தியச் சுகாதார, பொதுச் சுகாதாரக் கழகமும் நம் கல்கத்தாவிலேயே, சித்தரஞ்சன் அவென்யூவில் அருகருகே உள்ளன. நம் பிள்ளைகள் வீட்டுச் சோற்றை உண்டுவிட்டே சென்று வரலாம்.