ஜான்சி மைதானத்தில் இறங்கிய ஆமி

ஜி.டி. எக்ஸ்பிரசில் டில்லிக்குப் போய் வரும் தமிழர்களுக்கு ஜான்சி ஸ்டேஷன் நன்றாகத் தெரியும். 1930-ம் ஆண்டு மே 11-ந் தேதி அந்த ஊர் ராணுவ மைதானத்தில் ஒரு சின்னஞ்சிறு விமானம் எதிர்பாராமல் வந்து இறங்கியது. அதில் தன்னந்தனியாக வந்தவர் 26 வயதுப் பெண். பெயர், ஆமி ஜான்சன்.

இங்கிலாந்தில் ஹல் என்ற துறைமுக நகரில் 1903-ல் பிறந்தவர். தந்தை மீன் வியாபாரி. பி.ஏ. படித்துப் பட்டம் பெற்ற ஆமி, லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் அவர் கால்கள் விமானக் கிளப்பை நோக்கி நடக்கும்.

ஓட்டக் கற்றதோடு அவர் நிற்கவில்லை. எண்ணெய்க் கறை படிந்த உடையோடு மெக்கானிக்குகளிடம் எஞ்சின் வேலையும் கற்றார். விமானப் பராமரிப்புக்கான அரசு லைசென்ஸ் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் அவர்தான்.

தந்தையும் வேக்ஃபீல்டு பிரபுவும் பணம் கொடுத்து உதவ, சுமார் 600 பவுனுக்குப் பழைய ஜிப்சி மாத் விமானம் ஒன்றை வாங்கினார். தந்தையின் மீன் வியாபார முத்திரையான 'ஜேசன்' என்பதே விமானத்தின் பெயராயிற்று.

ஆஸ்திரேலியா நோக்கி...

மே 5-ந் தேதி லண்டன் க்ராய்டனில் புறப்பட்டார். பாலைவனத்தில் மணற்புயல் தரையில் தள்ளியது. ஆயினும் ஆறாவது நாள் கராச்சி சேர்ந்தார். முன்பு ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்து சாதனை படைத்த பெர்ட் ஹிங்க்ளரைவிட இரண்டு நாள் முந்தியிருந்தார்!

மறுநாள் அலகாபாத் போகும் வழியில் பெட்ரோல் தீரும் நிலை. எஞ்சின் நிற்குமுன் தரை வேண்டும். ஜான்சியில் இறங்கியபோது இறக்கை சேதமானது. அங்கிருந்தவர்கள் உதவியோடு அது செப்பனிடப்பட்டது. மறுநாளே கல்கத்தா சேர்ந்துவிட்டார்.

பெரிய அடி ரங்கூன் அருகே விழுந்தது. மழையில் வழி தெரியாமல் இன்சீனில் ஒரு விளையாட்டு மைதானத்தில் இறங்க, விமானம் பள்ளத்தில் பாய்ந்தது. இறக்கையும் புரொப்பல்லரும் சக்கரத் தாங்கியும் உடைந்தன. இறக்கைக்குத் துணி? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் கிடைத்தன. அவற்றைப் பிரித்து ஒட்டுப் போட்டார்கள்.

அந்தத் தாமதத்தோடு சாதனை கைநழுவியது. ஆனால் பயணம் நிற்கவில்லை. மே 24-ந் தேதி டார்வின் நகரில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

கடைசிப் பயணம்

இரண்டாம் உலகப் போரில், விமானப் படைக்கு விமானங்களைக் கொண்டு சேர்க்கும் பணியில் சேர்ந்தார். 1941 ஜனவரி 5-ந் தேதி, மோசமான வானிலையில் வழி தவறினார். பாரசூட்டில் குதித்தார். இம்முறை கீழே மைதானம் இல்லை. தேம்ஸ் முகத்துவாரத்தின் உறைபனிக் குளிர் நீர்தான் இருந்தது.

அவரைக் காப்பாற்றக் கடலில் குதித்த கப்பல் தலைவர் வால்டர் ஃப்ளெச்சரும் உயிர் துறந்தார். 37 வயதே ஆன ஆமியின் உடல் கிடைக்கவே இல்லை.

ஜான்சியில் அடிபட்டு, இன்சீனில் சட்டைத் துணியால் ஒட்டுப் போடப்பட்ட அந்த 'ஜேசன்' விமானம் மட்டும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.