ஜேம்ஸ் வாட் காசு கட்டிச் சேர்ந்த இன்டர்ன்ஷிப்

கெட்டில் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அடுப்பில் கொதிக்கிற கெட்டில், துள்ளுகிற மூடி, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன், அடுத்த பக்கத்தில் நீராவி இன்ஜின். ஸ்கூல்ல படிக்கும்போது நல்லாத்தான் இருந்தது. ஆனால் நீராவி இன்ஜினை ஜேம்ஸ் வாட் கண்டுபிடிக்கவே இல்லை. அவர் பிறக்கறதுக்கு 24 வருஷம் முன்னாடியே, 1712-ல், தாமஸ் நியூகோமன் செய்த இன்ஜின் இங்கிலாந்துச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டது. வாட் செய்தது அதிலிருந்த ஒரு பெரிய ஓட்டையை அடைத்தது.

அந்த ஓட்டை இவர் கண்ணில் எப்படிப் பட்டது என்று பின்னாடியே போனால், லண்டனில் ஒரு சின்னக் கடையில் போய் நிற்போம். அங்கே அவர் ஒரே ஒரு வருஷம்தான் இருந்தார். இன்றைய பாஷையில் சொன்னால் இன்டர்ன்ஷிப். ஸ்டைபெண்ட் எல்லாம் கிடையாது. இவர்தான் காசு கட்டினார்.

வாட் பிறந்தது 1736 ஜனவரி 19, ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்கிற துறைமுக ஊரில். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் பையன், அதனால் பாதிப் படிப்பு வீட்டில் அம்மாவிடம்தான். அப்பா கப்பல் தச்சர், வியாபாரமும் உண்டு. கப்பல்களில் இருந்து வரும் திசைகாட்டி, குவாட்ரன்ட் மாதிரிக் கருவிகளும் அவர் பட்டறைக்கு ரிப்பேருக்கு வரும். பையனுக்கு அங்கேயே தனியாக ஒரு சின்ன பெஞ்ச், சின்னச் சின்ன டூல்ஸ். கணக்கு பிடிக்கும், கையால் எதையாவது செய்துகொண்டே இருக்கப் பிடிக்கும்.

17, 18 வயதில் அம்மா இறந்துபோனார். அப்பாவின் வியாபாரமும் நொடித்தது. இனி சம்பாதித்தே ஆகணும். கணிதக் கருவிகள் செய்யும் தொழிலுக்குப் போகலாம் என்று முடிவு செய்து 1754-ல் கிளாஸ்கோ போனார். போனால், அதை ஒழுங்காகச் சொல்லித்தர அந்த ஊரில் ஆளே இல்லை. அம்மா வழி உறவினர் ஒருவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவர் மூலமாக ராபர்ட் டிக் என்ற இயற்பியல் பேராசிரியரின் பழக்கம் கிடைத்தது. பையன் கையைப் பார்த்த டிக், நீ இங்கே இருந்து வேஸ்ட் ஆகாதே, லண்டன் போ என்று சொல்லி அறிமுகக் கடிதமும் கொடுத்தார். 1755 ஜூனில் குதிரையில் கிளம்பி கிட்டத்தட்ட இரண்டு வாரம் கழித்து லண்டன் போய்ச் சேர்ந்தார். வயது 19.

அங்கேதான் சிக்கல். அந்தக் காலத்தில் லண்டனில் ஒரு தொழிலைச் செய்ய அந்தத் தொழிலின் கில்டு விதிகளுக்கு அடங்க வேண்டும். கில்டு என்றால் ஒரே தொழில்காரர்களின் கூட்டமைப்பு. யார் தொழில் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று முடிவு பண்ணுவது அதுதான். சேர வேண்டும் என்றால் 7 வருஷம் அப்ரண்டிஸாக இருக்கணும். 14 வயதில் சேர்ந்து 21-ல் வெளியே வரலாம். வாட்டுக்கு ஏற்கெனவே 19. ஏழு வருஷம் சாப்பாடு போட்டுக் காத்திருக்க அப்பாவிடம் காசும் இல்லை. இவர் கேட்டது ஒரு வருஷம். எந்தக் கடைக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா இருக்கக் கூடாது என்று ஒரு கடிகாரக்காரரிடம் கொஞ்ச நாள் சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டே தேடினார். பிளேஸ்மென்ட் சீசனில் மெயில் அனுப்பி அனுப்பி ஓய்ந்துபோன சீனியர்களுக்கு இந்தப் பகுதி நல்லாப் புரியும்.

கடைசியில் கார்ன்ஹில் பகுதியில் கடை வைத்திருந்த ஜான் மார்கன் சரி என்றார். ஒரு வருஷம் மட்டும். அந்த ஒரு வருஷ உழைப்பும் மார்கனுக்கு, அதற்கு மேல் 20 கினி ரொக்கம். 20 கினி என்றால் 21 பவுண்டு. வீட்டு நிலைமைக்கு அது பெரிய தொகை. அதை அப்பா அனுப்பினார். மகன் வாரத்துக்கு 8 ஷில்லிங்கில் சாப்பாட்டை முடித்துக்கொண்டார். அதற்குக் கீழே இறங்கினால் வயிறு காயும் என்று கணக்குப் போட்டு வைத்த எல்லை அது.

இங்கே எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு கட்டி இன்டர்ன்ஷிப் போவது என்றாலே நமக்கு ஒரு சந்தேகம் வரும், வரவும் வேண்டும். போகாமலே சர்டிபிகேட் மெயிலில் வரும் கூத்தெல்லாம் நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் நடப்பதுதான். வாட் கதையில் தலைகீழ். அந்த வருஷம் முடிந்தபோது அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. 7 வருஷம் முடிக்காததால் கில்டு கணக்கில் அவர் தொழிலாளியே கிடையாது. கிடைத்தது கையில் இருந்த வேலை மட்டும்.

அந்த வேலையை எப்படிக் கற்றார் என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம். முதலில் பித்தளை அளவுகோல். அடுத்து இணைகோடு போடும் பேரலல் ரூலர், காம்பஸ். அப்புறம் மாலுமிகள் பயன்படுத்தும் ஹேட்லி குவாட்ரன்ட். கொஞ்ச மாதத்திலேயே, அங்கே 2 வருஷமாக இருந்த பையனைவிட நன்றாகச் செய்தார். அடுத்து தியோடலைட் மாதிரிப் பெரிய வேலைகள். முடிக்கும் கட்டத்தில், பிரெஞ்சு ஜாயின்ட் வைத்த பித்தளை செக்டர் ஒன்றைச் செய்தார். இரண்டு கைகளும் ஒரே அச்சில் இடைவெளி இல்லாமல் திரும்ப வேண்டும். அந்தத் தொழிலிலேயே நுணுக்கமான வேலைகளில் ஒன்று அது. ஏழு வருஷப் பாடத்தில் எதெல்லாம் தனக்கு அவசியமோ அதை மட்டும் பொறுக்கி எடுத்து, எளிதிலிருந்து கடினத்துக்குப் போயிருக்கிறார். கடையைப் பெருக்குவது, டீ வாங்கி வருவது எல்லாம் வருஷக்கணக்கில் இருக்கும் பையன்கள் பாடு. இவருக்கு நேரமில்லை.

ராத்திரி 9 மணி வரை பெஞ்சில் இருப்பார். விடிவதற்குள் எழுந்து, கைச்செலவுக்காகத் தனியாகச் சில்லறை வேலையும் செய்தார். தெருவில் நடக்கக்கூடப் பயம். பிரான்ஸோடு போர் மூண்டிருந்த நேரம். கடற்படைக்கு ஆள் பிடிப்பவர்கள் கண்ணில் பட்டவர்களை இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள. பிடிபட்டால் நகர மேயரிடம் முறையிட்டு வெளியே வரலாம். ஆனால் நான் மார்கன் கடையில் வேலை செய்கிறேன் என்று இவர் வாயைத் திறந்தால், கில்டு அனுமதி இல்லாமல் நகருக்குள் வேலை பார்த்த குற்றம் வெளியே வந்துவிடும். எனவே கடை, தங்கும் அறை, திரும்பக் கடை. குளிர்காலம் முழுவதும் கதவுப் பக்கம் உட்கார்ந்து வேலை செய்ததில் விடாத இருமலும் உடம்பு வலியும் பிடித்துக்கொண்டன. 1756-ல் வருஷம் முடிந்ததும், கொஞ்சம் டூல்ஸும், கணிதக் கருவிகள் பற்றி நிக்கோலா பியோன் எழுதிய புத்தகமும் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

ஊருக்கு வந்ததும் அதிர்ஷ்டம் கொஞ்சம் உதவியது. ஜமைக்காவில் இருந்த ஒரு ஸ்காட்லாந்து வணிகர், தன்னிடமிருந்த வானியல் கருவிகளைக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்திருந்தார். கப்பலில் வந்ததில் அவை உப்புக்காற்றில் கெட்டுப்போயிருந்தன. துடைத்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். லண்டன் அனுப்பிய அதே டிக், வாட்டைக் கூப்பிட்டார். சம்பளம் 5 பவுண்டு. வேலை பிடித்துப்போய், 1757-ல் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு அறை கொடுத்தார்கள். கிளாஸ்கோ ஊருக்குள்ளும் உலோகத் தொழிலாளர் கில்டு இவரைக் கடை போடவிடவில்லை என்றும், வளாகத்துக்குள் அவர்கள் அதிகாரம் செல்லாததால்தான் இந்த அறை என்றும் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

அந்த அறைதான் எல்லாவற்றையும் மாற்றியது. உள்ளே குவாட்ரன்ட், காம்பஸ், கூடவே வயலின், புல்லாங்குழல் ரிப்பேர்கூட. இசை காதில் ஏறாத இவர் ஒரு ஆர்கனே கட்டியிருக்கிறார், ஸ்வரக் கணக்கைப் படித்து. வெளியே நடமாடியவர்களைப் பாருங்கள்: உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்த ஜோசப் பிளாக், தார்மீகத் தத்துவம் நடத்திக்கொண்டிருந்த ஆடம் ஸ்மித். கருவி வாங்க வந்த ஜான் ராபிசன் என்கிற இளைஞர், கைவேலைக்காரரைப் பார்க்க வந்த இடத்தில் தன்னைவிட ஆழமாக யோசிக்கிற ஆளைப் பார்த்து அசந்துபோய் நண்பராகிவிட்டார். நீராவியால் வண்டி ஓட்டலாமே என்று வாட் காதில் முதலில் போட்டவர் இவர்தான். டிகிரி இல்லாத வாட், இந்த அறையில் இருந்துகொண்டே ஜெர்மன் மொழியும் கற்றுக்கொண்டார், இயந்திரங்கள் பற்றிய ஒரு ஜெர்மன் நூலைப் படிப்பதற்காக.

1763-64 குளிர்காலத்தில் பேராசிரியர் ஜான் ஆண்டர்சன் ஒரு ரிப்பேர் வேலை கொடுத்தார். வகுப்பில் காட்டுவதற்கான நியூகோமன் இன்ஜின் மாடல். லண்டனுக்கு அனுப்பியும் சரியாகாமல் திரும்பி வந்தது. சிலிண்டர் 2 அங்குல விட்டம், பிஸ்டன் நகர்வு 6 அங்குலம். வாட் அதை ஓட வைத்தார். ஆனால் நாலு ஸ்ட்ரோக் அடித்ததும் பாய்லரில் நீராவி தீர்ந்து நின்றுவிடும். ரிப்பேர்காரனுக்கு அத்தோடு வேலை முடிந்தது. ஓடுது, காசைக் கொடுங்க என்று சொல்லியிருக்கலாம். அளவெடுத்துப் பழகிய கை சும்மா விடவில்லை.

நியூகோமன் இன்ஜினில் சிலிண்டருக்குள் நீராவியை நிரப்பி, அதே சிலிண்டருக்குள் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சுருங்கி வெற்றிடம் ஆகும்; வெளிக்காற்று பிஸ்டனை அமுக்கும். அடுத்த ஸ்ட்ரோக்குக்கு, குளிர்ந்துபோன சிலிண்டரை மறுபடி சூடாக்கணும். வரும் நீராவியில் பெரும்பகுதி அந்தச் சூட்டுக்கே போய்விடுகிறது என்று வாட் அளந்து கண்டுபிடித்தார். மாடல் பெரிய இன்ஜினைவிட மோசமாக ஓடியதற்கும் காரணம் உண்டு. சிறிய சிலிண்டரில் கொள்ளளவை ஒப்பிட்டால் சுவர்ப் பரப்பு அதிகம், வெப்ப இழப்பும் அதிகம். கொஞ்சம் நீராவி எப்படி அவ்வளவு தண்ணீரைச் சூடாக்குகிறது என்று குழம்பியபோது, பக்கத்தில் இருந்த பிளாக் உள்ளுறை வெப்பத்தை விளக்கினார். வேறு ஊரில் தனிக்கடை வைத்திருந்தால் இந்தக் கேள்வியை யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?

விடை 1765 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் நடந்துகொண்டிருக்கும்போது கிடைத்தது. நீராவியைச் சிலிண்டருக்குள் குளிர்விக்காமல், தனியாக ஒரு பாத்திரத்துக்கு இழுத்துப் போய்க் குளிர்வித்தால்? சிலிண்டர் எப்போதும் சூடு, பாத்திரம் எப்போதும் குளிர்ச்சி. தெர்மோ பேப்பரில் நாம் படம் போடும் கண்டென்சர் இதுதான். மருத்துவர்கள் பயன்படுத்தும் பித்தளை சிரிஞ்சை சிலிண்டராக வைத்துச் சில நாளிலேயே சோதனை மாடல் செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு பெரிய இன்ஜின் வெற்றிகரமாக ஓட 11 வருஷம் ஆனது. காரணம் ஐடியா இல்லை. 2 அங்குல சிலிண்டரை வாட் கையால் கச்சிதமாகச் செய்யலாம். 18 அங்குல சிலிண்டரைக் கொல்லர்கள் அடித்துச் செய்தால் பிஸ்டனைச் சுற்றி நீராவி ஒழுகியது. 1769-ல் பேட்டன்ட் வாங்கியும் குடும்பத்துக்குச் சோறு போட்டது கால்வாய்களுக்கான சர்வேயர் வேலை. அதற்கும் மார்கன் கடையில் கற்ற கருவி அறிவுதான் உதவியது. பணம் போட்ட ரோபக் திவாலானார். அவர் பங்கை வாங்கிய மேத்யூ போல்ட்டன் 1774-ல் வாட்டைப் பர்மிங்காமுக்கு அழைத்துக்கொண்டார். ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர் பீரங்கி துளைக்கும் முறையில் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தார். 50 அங்குல விட்டத்தில் பிழை ஒரு ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட வரவில்லை. 1776-ல் இன்ஜின்கள் ஓடின.

மீதி எல்லாம் புத்தகத்தில் இருப்பதுதான். சேமிக்கும் எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு கட்டணம், குதிரைத்திறன் கணக்கு, கவர்னர். ஒன்றை மட்டும் விடமுடியாது. 1784-ல் பிஸ்டன் தண்டை நேர்கோட்டில் நகர்த்த அவர் அமைத்த பேரலல் மோஷன். வெறும் கம்பிகளும் மூட்டுகளும். எல்லாக் கண்டுபிடிப்பையும்விட இதில்தான் அவருக்குப் பெருமை. கேஓஎம் லேபில் வாட் மெக்கானிசம் வரும்போது, இணைகோட்டு ரூலரும் செக்டர் மூட்டும் செய்து பழகிய 19 வயதுக் கையை நினைத்துப் பாருங்கள்.

அதே 1784 வாக்கில், அவருடைய மூத்த மகன் ஜேம்ஸுக்கு 15 வயது. வாட் அப்போது பெயரும் பணமும் உள்ள ஆள். நேராகத் தன் கம்பெனியில் உட்கார வைத்திருக்கலாம். பையனை வில்கின்சனின் பெர்ஷாம் இரும்பாலைக்கு அனுப்பினார். கணக்கு எழுதுவது, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா, அதோடு தினமும் தச்சுப் பட்டறையில் சில மணி நேரம். எவ்வளவு காலம் தெரியுமா? ஒரு வருஷம்.