எழுத்துக்கு 25 ரூபாய்!

ஈசிஆர்-ல மரக்காணம் தாண்டும்போது உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. உப்புத் தண்ணி இலவசம், வெயிலும் இலவசம். ஆனா உப்பு இலவசம் இல்லை. பாத்தி கட்டி, தண்ணி பாய்ச்சி, உப்பு வாருறவங்களுக்கு யாராவது கூலி கொடுத்தாகணும்.

நாம மொபைலில் சும்மா படிக்கிற கட்டுரைகளும் அப்படித்தான். பாதி படிக்கும்போதே ஒரு கட்டம் குதிச்சு வந்து, உங்க வயசு என்ன, எந்த சோப்பு வாங்குறீங்கன்னு கேக்கும். கடுப்பாகுதா? அப்போ எஸ்.எஸ்.வாசன் கதையைத் தெரிஞ்சுக்கோங்க.

திருத்துறைப்பூண்டியில் 1904-ல் பிறந்தவர் வாசன். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தார். அம்மாதான் வளர்த்தார். சென்னைக்கு வந்தவர் படிப்பை முடிக்கலை. விளம்பர ஏஜென்ட் ஆனார். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடிச்சுக் கொடுத்தால் கமிஷன். கூடவே தபால் மூலம் பொருள் விற்பனை.

அப்போ பூதூர் வைத்தியநாதய்யர் 1926-ல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' பணமில்லாம திணறிக்கிட்டிருந்தது. 1927 டிசம்பர் இதழ் வரவே இல்லை. 1928 ஜனவரியில் வாசன் அதை வாங்கினார். பெயரில் எட்டு எழுத்து. எழுத்துக்கு 25 வீதம் 200 ரூபாய்! பிப்ரவரியிலேயே புது வடிவத்தில் இதழ் வந்துடுச்சு.

விளம்பரத் தொழிலிலிருந்து வந்ததால், பத்திரிகைக்குப் பணம் எங்கிருந்து வரும்னு அவருக்குத் தெரியும். வாசகர் அதிகமானா விளம்பரம் வரும். வாசகரை இழுக்கக் குறுக்கெழுத்துப் போட்டி வைத்தார். கல்கியை எழுத வைத்தார். வாசன் எழுதிய தொடர்தான் எம்.ஜி.ஆரின் முதல் படமான 'சதி லீலாவதி' (1936) ஆனது. பிறகு ஜெமினி ஸ்டூடியோ. 1948-ல் 'சந்திரலேகா'வைத் தமிழிலும் இந்தியிலும் எடுத்து, நாடு முழுக்க விளம்பரம் பண்ணி ஓட்டினார். 1969-ல் பத்மபூஷண் கிடைத்தது. அதே வருஷம் ஆகஸ்டில் காலமானார்.

இதில் நமக்கு என்ன இருக்கு? விகடனைக் கையில் எடுத்தவருக்கு எது கதை, எது விளம்பரம்னு கண்ணுக்கே தெரிஞ்சது. இதழுக்கு என்ன விலைன்னும் தெரியும். வாங்கினவர் எந்த ஊர், என்ன சம்பளம்னு அந்தத் தாள் திருப்பிக் கேக்கலை.

இன்னைக்குக் கேக்குது. 2012-ல் கூகுள் ஒரு ஏற்பாடு கொண்டுவந்தது, 2022 வரை அது இருந்தது: கட்டுரையைத் தொடர்ந்து படிக்கணும்னா ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நிறுவனங்கள் பதில்களைக் காசு கொடுத்து வாங்கின. அதில் ஒரு பங்கு தளத்துக்குப் போனது. எழுதினவருக்குக் கூலி வர இதுவும் ஒரு வழிதான், தப்பில்லை. ஆனா அங்கே விலையா போறது உங்க தகவல். எவ்வளவு போகுதுன்னு உங்களுக்குத் தெரியாது.

அதனால நண்பர்களே, பிடிச்ச சோப்பு எதுன்னு கேட்டா, விருப்பமிருந்தா சொல்லுங்க. போன் நம்பர், ஓடிபி, பிறந்த தேதி, அப்பாவோட வருமானம் கேட்டா உடனே மூடிடுங்க. 2023-ல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில், கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கும் உரிமையும் சொல்லப்பட்டிருக்கு. தினமும் படிக்கிற நல்ல தளம் ஒண்ணு இருந்தா, ஒரு டீ காசாவது சந்தா கட்டுங்க. எழுதுறவங்களுக்கும் கூலி போகும், உங்க விவரமும் உங்ககிட்டயே இருக்கும்.