வெபர் என்றொரு மனிதர்

மெக்கானிக்கல் படித்த நம்மில் பலருக்கு கார்புரேட்டர் என்றால் கழட்டி, ஜெட்டை ஊதி, மறுபடி மாட்டுகிற சமாச்சாரம். எனக்கு மட்டும் எடுவார்டோ வெபர் ஞாபகம் வரும்.

1889-ல் இத்தாலியில், டுரினில் பிறந்தவர். பியட்டில் வேலை பார்த்துவிட்டு பொலோனாவுக்கு வந்தார். பெட்ரோல் யானை விலை விற்ற காலம். சிக்கனத்துக்காகவே பியட் 501 காருக்கு இரட்டைக் குழல் கார்புரேட்டர் செய்தார். சாதாரண ஓட்டத்துக்குச் சின்னக் குழல்; அழுத்தி மிதித்தால்தான் பெரியது திறக்கும். 1923-ல் சொந்தக் கம்பெனி. 1930-களில் ஆல்பா ரோமியோ, மசராட்டி பந்தயக் கார்களே அவரைத் தேடி வந்தன. (சிக்கனச் சரக்கு பந்தயத்துக்குப் போனது வேடிக்கைதான்!)

1945-ல், போர் முடிந்த கையோடு, ஆள் காணாமல் போனார். உடல்கூடக் கிடைக்கவில்லை. 1962-ன் பெராரி 250 ஜிடிஓவில் ஆறு வெபர்கள் வரிசையாக நின்றதை அவர் பார்க்கவில்லை.

மாணவத் தம்பிகளே, வெபர் பூட்டிய பழைய லோட்டஸ் எலான் கையில் கிடைத்து, ஐட்லிங்கில் திக்கினால், உடனே புதுசு வாங்க ஓடாதீங்க. முதலில் ஐடில் ஜெட்டைக் கழட்டிப் பாருங்க, தூசி அடைச்சிருக்கும். இரண்டு கார்புரேட்டரும் காற்றைச் சமமா இழுக்குதான்னும் பாருங்க. ஸ்பிண்டில் தேஞ்சு பக்கவாட்டில் காற்று இழுத்தா மட்டும் மாத்துங்க. புதுசும் அவர் பேரிலேயே கிடைக்குது.