டேவிட் லூபினும் தானியக் கணக்கும்

உழுகிறவன் ஒருவன், விலை வைக்கிறவன் வேறொருவன். இந்த அநீதியின் வேர் எங்கே இருக்கிறதென்று கண்டு, அதைக் களைவதற்குத் தம் பொருளையும் ஆயுளையும் செலவிட்ட ஒரு வியாபாரியின் சரித்திரம், தேச ஊழியர் யாவரும் அறியத்தக்கது.

டேவிட் லூபின் 1849-ம் வருஷம், ருஷ்ய ஆட்சிக்குட்பட்டிருந்த போலந்து தேசத்தில், யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். பால்யத்திலேயே அமெரிக்கா சேர்ந்தார். 1874-ல் கலிபோர்னியாவில் ஸாக்ரமெண்டோ நகரத்தில் ஒரு சிறு ஜவுளிக்கடை வைத்தார். பேரம் பேசுவதே வழக்கமாயிருந்த அக்காலத்தில், எல்லோருக்கும் ஒரே விலை என்று விதித்தார். கடை பெருகிற்று, அவரும் செல்வந்தரானார். பின்னர் நிலம் வாங்கிப் பயிரிட முற்பட்டபோதுதான் குடியானவனுடைய கஷ்டம் அவருக்கு விளங்கிற்று.

அமெரிக்கக் குடியானவன் வாங்கும் துணிக்கும் கருவிக்கும் சுங்கவரியால் விலை ஏறியிருந்தது. அவன் விற்கும் கோதுமைக்கோ, லிவர்பூல் சந்தையின் விலையிலிருந்து கப்பற்கூலி முதலிய செலவு போக எஞ்சியதே கிடைத்தது. உலகில் எவ்வளவு விளைந்தது, எவ்வளவு கையிருப்பு உண்டு என்பதைப் பெரிய தானிய வியாபாரிகள் முன்கூட்டி அறிந்திருந்தார்கள். குடியானவன் வதந்தியை நம்பி விற்றான். உண்மையான விளைச்சல் கணக்கை எல்லா நாடுகளும் சேர்ந்து பகிரங்கமாக வெளியிட்டாலன்றி இதற்குப் பரிகாரமில்லை என்று லூபின் நிச்சயித்தார்.

பல நாட்டு அதிகாரிகளிடம் அவர் முறையிட்டும் பயனில்லை. 1904-ல் ரோமாபுரி சென்று, இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேலைக் கண்டார். மன்னர் செவிசாய்த்தார். 1905-ல் மகாநாடு கூடிற்று. சுமார் 40 அரசாங்கங்கள் உடன்பட, சர்வதேச விவசாய ஸ்தாபனம் உருவாயிற்று. 1908-ல் அதன் மாளிகை திறக்கப்பட்டது. பயிர் நிலைமையும் விளைச்சல் மதிப்பீடும் பல நாடுகளிலிருந்து அங்கே வந்து சேர்ந்து, அச்சேறி உலகுக்கு வெளியாயின. எல்லை கடந்து பயிர்நோய் பரவாமல் தடுப்பதற்கான மகாநாடும் 1914-ல் ரோமாபுரியிலேயே கூடிற்று.

எனினும் லூபின் விரும்பியது முழுவதும் கைகூடவில்லை. குடியானவர்களின் பிரதிநிதிகள் அமரவேண்டிய சபையில் அரசாங்கப் பிரதிநிதிகளே அமர்ந்தார்கள். அரசாங்கம் மறைத்த கணக்கை வெளிக்கொணரும் அதிகாரமும் அந்த ஸ்தாபனத்துக்கு இல்லை. அமெரிக்கப் பிரதிநிதியாக அங்கேயே உழைத்து வந்த லூபின், 1919 ஜனவரி 1-ந் தேதி ரோமாபுரியில் காலமானார். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அவருடைய ஸ்தாபனம் கலைக்கப்பட்டு, அதன் பொறுப்புகள் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனத்தைச் சேர்ந்தன. அதன் நூல்நிலையம் இன்றும் லூபின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2007-08-ல் இந்தியா உட்படப் பல நாடுகள் அரிசி ஏற்றுமதியைத் தடுத்தன. அச்சம் பரவி, உலகச் சந்தையில் அரிசி விலை கடுமையாக ஏறிற்று. அதன் பின்னரே, 2011-ல், பெரிய நாடுகள் கூடி விவசாயச் சந்தைத் தகவல் அமைப்பொன்றை ரோமாபுரியில் நிறுவின. நூறாண்டுக்கு முன் லூபின் சொன்னதை, உலகம் பட்டபின் மறுபடியும் கற்றது. களத்தில் குவிந்த நெல்லைக் காப்பதற்குக் காவலாள் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கு குடியானவன் கைக்கு எட்டும் வரையில் லூபினுடைய பணி முடிந்ததாகாது.