மூலக்கூறை அளந்த ஸ்கூல் வாத்தியார்

ஒரு மூலக்கூறோட விட்டம் தெரிஞ்சா அதோட கன அளவைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கோளம்னு வெச்சுக்கிட்டா, விட்டத்தின் மும்மடியைப் பையால் பெருக்கி 6-ஆல் வகுக்கணும். அவ்வளவுதான். ஆனா அந்த விட்டத்தை யார் அளந்து கொடுப்பாங்க? கண்ணுக்கும் தெரியாது, ஸ்கேலுக்கும் சிக்காது. இதுக்கு முதன்முதல்ல உருப்படியான விடை சொன்னவர் யோஹான் யோசஃப் லோஷ்மிட்.

1821-ல் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் குடியரசில், ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஊர்ப் பாதிரியார் உதவியாலதான் மேல படிக்க முடிஞ்சுது. பிராக், அப்புறம் வியன்னா. படிச்சு முடிச்சும் சரியான வேலை அமையல. சொந்தத் தொழில்ல இறங்கினார்; 1854-ல் திவாலானார். 1856-ல், 35 வயசுல, வியன்னாவில் பள்ளி ஆசிரியர் ஆனார். 1861-ல் சேர்மங்களோட அமைப்பைப் படம் படமா வரைஞ்சு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதையும் அப்போ யாரும் பெருசா கண்டுக்கல.

1865-ல், வாத்தியாரா இருந்தபடியே, காற்று மூலக்கூறின் அளவைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். அணுன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கான்னு பல விஞ்ஞானிகளே சந்தேகப்பட்ட காலம் அது.

அவர் செஞ்சது நமக்குத் தெரிஞ்ச டெக்னிக்தான்: தெரியாதது ரெண்டு, சமன்பாடும் ரெண்டு. மூலக்கூறின் விட்டமும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது. ஒரு மூலக்கூறு இன்னொண்ணு மேல மோதுறதுக்கு முன்னாடி சராசரியா எவ்வளவு தூரம் போகும்ங்கிறது, எண்ணிக்கையையும் விட்டத்தின் இருமடியையும் பொறுத்தது. இந்தத் தூரத்தை வாயுவோட விஸ்காசிட்டியிலிருந்து ஏற்கனவே கணக்கிட்டிருந்தாங்க. வாயுவைத் திரவமாக்கினா மூலக்கூறுகள் ஒட்டி உட்காரும். அப்போ மொத்தக் கன அளவு, எண்ணிக்கையையும் விட்டத்தின் மும்மடியையும் பொறுத்தது. ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, எண்ணிக்கை அடிபட்டுப் போகும். மிஞ்சுறது இது:

விட்டம் = 8 × மோதலிடைத் தூரம் × திரவ, வாயுக் கன அளவுகளின் விகிதம்

ஒரு சிக்கல்: அப்போ காற்றை யாருமே திரவமாக்கினதில்லை. அதனால மற்ற சேர்மங்களோட அடர்த்தியை வெச்சு அந்த விகிதத்தை 0.000866-ன்னு ஊகிச்சார். மோதலிடைத் தூரம் 140 நானோமீட்டர். பெருக்கினா கிடைச்ச விட்டம் சுமார் 0.97 நானோமீட்டர்.

இன்றைய மதிப்பு சுமார் 0.37. அதாவது விட்டத்துல 2.6 மடங்கு பிழை. கன அளவுக்குப் போனா அந்தப் பிழையும் மும்மடியாகி 18 மடங்கு ஆயிடும். லேப்ல விட்டத்தை அளக்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆனா அதுவரைக்கும் மூலக்கூறு எந்த அளவில் இருக்கும்னே தெரியாம இருந்த உலகத்துக்கு, அது ஒரு நானோமீட்டர் பக்கம்னு சொன்னதே பெரிய விஷயம்.

மூணு வருஷம் கழிச்சு, 1868-ல், வியன்னா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் ஆக்கிக்கிச்சு. போல்ட்ஸ்மான் அவருக்கு நெருங்கிய நண்பர். வெப்ப இயக்கவியல்ல அவரையே கேள்வி கேட்டுத் திணறடிச்சவர் லோஷ்மிட். 1895-ல் இறந்தார். அணு உண்டுன்னு பெரான் சோதனைகள் மூலமா உறுதிப்படுத்தினது அதுக்கு 13 வருஷம் கழிச்சுத்தான்.

0 டிகிரி செல்சியஸில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கன சென்டிமீட்டர் வாயுவில் எத்தனை மூலக்கூறு? 27 எழுதி, பின்னாடி 18 பூஜ்யம் போடுங்க. அந்த எண்ணுக்கு லோஷ்மிட் மாறிலின்னு பேர்.