புழுவைக் கண்டு விலகாத வைத்தியர்

காயத்தில் புழு பிடித்ததைச் சொல்ல எங்கள் சனம் இன்றும் கூசுகிறது. மருந்தும் சுத்தமான துணியும் இல்லாமல் பதுங்குகுழிகளில் கிடந்தவர்களுக்கு அந்தக் கூச்சத்தின் பாரம் தெரியும். அதனால்தான் டொமினிக் ஜான் லாரே என்ற பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணரின் வாழ்க்கையை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

லாரே 1766 இல் பிரான்சின் பிரனீஸ் மலைப்பகுதியில் பிறந்தார். சிறுவயதில் தகப்பனை இழந்தவர், துலூஸ் நகரில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த தகப்பனின் சகோதரரிடம் தொழில் கற்றார். அக்காலத்தில் சண்டை ஓய்ந்த பின்னரே காயக்காரரைத் தூக்குவார்கள். அதற்குள் பலர் இறந்துவிடுவார்கள். 1792 இல் ரைன் படையில் சேர்ந்த லாரே, குதிரைகள் இழுக்கும் இலகுவான வண்டிகளை உருவாக்கி, களத்திலிருந்தே காயக்காரரை ஏற்றினார். 'பறக்கும் அம்புலன்ஸ்' என்று அவை பெயர்பெற்றன. பதவியையோ தரப்பையோ அவர் பார்க்கவில்லை. கடும் காயம்பட்டவருக்கே முதற் சிகிச்சை.

1799 இல் நெப்போலியனின் படை சிரியாவுக்குள் சென்றபோது, காயக்காரரின் புண்களில் நீல இலையானின் புழுக்கள் நெளிந்தன. படையினர் பயந்துபோனார்கள். லாரே உற்றுக் கவனித்தார். புழுக்கள் அழுகிய சதையை மட்டுமே தின்றன. புண் விரைவாக ஆறியது. அதை எடுத்துச் சொல்லி அவர்களைத் தேற்றினார். பின்னர் நூலிலும் எழுதிவைத்தார்.

1815 இல் வாட்டர்லூவில் பிரஷ்யர்களிடம் பிடிபட்டு, சுடப்படவிருந்தார். அவருடைய விரிவுரைகளைக் கேட்டிருந்த ஒரு பிரஷ்ய வைத்தியர் அவரை அடையாளம் கண்டதால் உயிர் தப்பினார். 1842 இல் லியோன் நகரில் காலமானார்.

முதலாம் உலகப் போரில் அமெரிக்க வைத்தியர் வில்லியம் பேயரும் இதையே கண்டார். 7 நாட்கள் களத்தில் கிடந்த இரு படையினரின் புண்களில் புழு நிறைந்திருந்தும் காய்ச்சல் இருக்கவில்லை. பிற்காலத்தில் அவர் கிருமி நீக்கிய புழுக்களைக் கொண்டு எலும்புப் புண்களுக்குச் சிகிச்சை அளித்தார். 2004 இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு அனுமதி வழங்கியது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். தானாக வந்த புழுவை மருந்தென்று விட்டுவிடக் கூடாது. உயிருள்ள சதையையே குடைந்து தின்னும் இலையான் புழுக்கள் தெற்காசியாவிலும் உண்டு. சலரோகப் புண், படுக்கைப் புண், மூக்கு, காது எதிலாவது புழு தெரிந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டு முதியவர்களின் கால்களைத் தினமும் பாருங்கள். புண் இருந்தால் கழுவி, இலையான் மொய்க்காமல் மூடிக் கட்டுங்கள்.

புழு வந்தது இலையான் வந்ததால். இலையான் வந்தது புண்ணைக் கட்ட ஆளோ துணியோ இல்லாததால். இதில் காயப்பட்டவர் வெட்கப்பட என்ன இருக்கிறது?